ராக்கெட்டுக்கு மூக்குக் கடைந்த கதை

புவெப்லோ, கொலராடோ
அக்டோபர் 12

மாப்ளே சின்னச்சாமி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஆனால் பதினைந்தாம் நாளே பட்டறைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன செய்வது? கம்ப்யூட்டரே ஓட்டுகிற சிஎன்சி மெஷினுக்குக் காவல் வேண்டாமடா. உன் மகன் பார்த்துக்கொள்வான். பழைய லேத்தை மட்டும் விற்க விடவில்லை என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதை விட்டுவிடாதே.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மரம் கடைந்துகொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பேத்திக்குப் பத்து வயதாகிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ அட்டைக்குழாய் ராக்கெட் விட்டதைப் பார்த்துவிட்டு வந்து ஒரே பிடிவாதம். இந்த ஊரில் அது பெரிய விஷயமில்லை. இங்கிருந்து அரை மணி நேரம் காரில் போனால் பென்ரோஸ் என்று ஒரு சின்ன ஊர். விளையாட்டு ராக்கெட் செய்கிற எஸ்டஸ் கம்பெனி 1961இல் அங்கேதான் குடிபோனது. அதற்கு முன்னே நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் 1954இல் இந்த விளையாட்டு ராக்கெட்டையும், அதைத் தள்ளுகிற மருந்து அடைத்த மோட்டாரையும் உருவாக்கினார். பட்டாசு மேல் அவருக்கு ஆசை அதிகமாம். பிறகு வெர்ன் எஸ்டஸ் என்ற இளைஞர் 1958இல் மோட்டார்களைத் தானாகவே அடைத்துத் தள்ளும் ஒரு மெஷினைக் கட்டி, அதற்கு மேபல் என்று பேர் வைத்தார். மெஷினுக்குப் பேர் வைக்கிற ஆள் என்றதுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நீயும் உன் லேத்தை வள்ளி என்றுதானே கூப்பிடுவாய்?

கடையில் வாங்கினால் ராக்கெட்டின் மூக்கு, அதாவது குழாயின் தலையில் செருகுகிற முன்முனை, பிளாஸ்டிக்கில் வருகிறது. அந்தக் காலத்தில் பால்சா மரத்தில் கடைந்துதான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐடிஐயில் டர்னர் படித்தவன் வீட்டில் இருக்கும்போது பிளாஸ்டிக் மூக்கா? வாயை விட்டேன். மாட்டிக்கொண்டேன்.

குழாயின் வெளிவிட்டம் 41.6 மில்லிமீட்டர், உள்விட்டம் 40.5. நீளம் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 104 என்று வைத்துக்கொண்டேன். கூம்பு மாதிரி நேர்க்கோட்டில் சரித்துவிடலாம் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒலி வேகத்துக்குக் கீழே போகிற ராக்கெட்டுக்கு ஊசிமுனை தேவையே இல்லையாம். வளைந்து குவிந்த மூக்கு போதும், மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதுதான் முக்கியம். அந்த வளைவு ஒரு பெரிய வட்டத்தின் துண்டுதான். அரைவிட்டத்தின் வர்க்கத்தையும் நீளத்தின் வர்க்கத்தையும் கூட்டி, விட்டத்தால் வகுத்தால் அந்த வட்டத்தின் ஆரம் கிடைக்கும். எனக்கு 270.4 வந்தது. ஒரு சட்டத்தில் ஆணி அடித்து, 270இல் துளை போட்டுப் பென்சிலைச் செருகி, அட்டையில் வில் வரைந்து வெட்டிக்கொண்டேன். முனையிலிருந்து 26 மில்லிமீட்டரில் விட்டம் 18.6, 52இல் 31.5, 78இல் 39.1. கடைசியில் வளைவு குழாயோடு விளிம்பு தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடும். காகிதத்தில் பார்க்கவே அழகு, மாப்ளே.

முதலில் பால்சா. ஈக்வடாரிலிருந்து வருகிற மரம், நம் ஊர் இலவமரத்துக்குப் பங்காளி. எடையே தெரியாது, கையில் வைத்தால் பொரி மூட்டையைத் தூக்கினது மாதிரி. கட்டையின் நடுவில் துளை போட்டு ஒரு குச்சியை ஒட்டி, கை டிரில்லை மேஜையில் கட்டி, குச்சியை அதன் சக்கில் பிடித்துச் சுழலவிட்டேன். உளியை வைத்ததுமே மரம் நசுங்கியது, வெட்டுப்படவில்லை. பால்சாவுக்கு உளியே ஆகாது. கட்டையை முதலிலேயே கத்தியால் எட்டுப் பட்டையாகச் சீவிவிட்டு, மீதி எல்லாம் உப்புத்தாள்தான். முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைசுக்கு வர வேண்டும். மூக்கிலே துணி கட்டாமல் செய்து ரெண்டு நாள் தும்மினேன். அதுவும் நடுவில் மெத்து, ஒரு பக்கம் கெட்டி என்று மரம் சமமாக இல்லாததால் முட்டை வடிவத்தில் வந்து தொலைத்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், இந்த ஊர் இரும்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கராஜில் சின்னதாக ஒரு மர லேத். என் கதையைக் கேட்டுவிட்டு லிண்டன் மரத்தில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். மென்மையான மரம்தான், ஆனால் உளிக்கு நிற்கும்.

மெஷின் முன்னால் நின்றதும் கை தானாகவே, இரும்பு லேத்தில் டூலை நகர்த்துகிற கேரியேஜ் சக்கரத்தைத் தேடியது. அங்கே சக்கரமும் கிடையாது, டூலைப் பூட்டுகிற டூல் போஸ்ட்டும் கிடையாது. ஒரு இரும்புத் தாங்கி, அதன் மேல் உளி, உளிக்குப் பின்னால் நான். நாற்பது வருஷம் டூலைப் பூட்டிவிட்டு அளவைத் திருப்பினவன், இப்போது அளவே என் இடுப்பிலும் தோளிலும் இருக்கிறது. உளியை நேராகக் குத்தினேன். கடித்துப் பிடுங்கிக் கட்டையிலிருந்து ஒரு சில்லு பறந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து உளியின் சாய்ந்த முதுகை முதலில் மரத்தின் மேல் உரசவிட்டார். வெட்டாமல் வெறுமனே உரசும். பிறகு பிடியை ஒரு மயிரிழை தூக்கினால் வாய் மரத்தில் ஏறும். சுருள் சுருளாக வருகிறது! பித்தளைச் சுருள் மாதிரி சுடவில்லை. பச்சை வாசனை வேறு.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். இரும்புக்கு மேடு பள்ளம் கிடையாது, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒன்றுதான். மரத்தில் நார் ஓடுகிறது. பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்துக்குத்தான் வெட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் முட்டுக்கொடுக்கிறது. முனையிலிருந்து மேட்டுக்கு ஏற்றினால் நார் பிய்ந்து முள்முள்ளாக நிற்கும். ஒரு தரம் மறந்துபோய் ஏற்றிவிட்டு அந்தக் கட்டையையே எறிந்தேன்.

மூன்றாவது கட்டை தேறியது. அட்டையை வைத்தால் வெளிச்சம் தெரியவில்லை. எடை மட்டும் 50 கிராமுக்கு மேல். பால்சாவில் 20தான் இருந்தது. நான் வைத்திருந்த சி6 என்கிற வகை மோட்டாருக்கு ராக்கெட் எல்லாம் சேர்த்து 113 கிராம்தான் உச்சம், மோட்டாரே 24 வரும். அதனால் குழாய்க்குள் போகிற தோள் பகுதியை டிரில்லால் குடைந்து எடையைக் குறைத்தேன். மூக்கில் கொஞ்சம் கனம் இருப்பது நல்லதுதான், எடை மையம் முன்னால் வந்தால் ராக்கெட் தடுமாறாது. அதிகமானால் ஏறாது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். தோளை மைக்ரோமீட்டர் வைத்து 40.4க்குக் கடைந்தேன். ஒரு பக்கத்துக்கு 0.05 இடைவெளி. பேத்தியிடம் இதுதான் டர்னர் வேலை என்று பீற்றிக்கொண்டேன். பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்கிற, தண்ணீர் கலந்த சீலரை மூன்று தடவை பூசித் தேய்த்து, ஆரஞ்சு வண்ணம் அடித்தேன். தோள் உட்பட. மரம் தண்ணீர் குடித்து ஊதியது, அதன் மேல் வண்ணம் வேறு ஏறியது. குழாயில் செருகினால் இறுக்கமாக இருந்தது. பம்ப் உடலில் புஷ்ஷை ஏற்றிப் பழகினவன் கை சும்மா இருக்குமா? உள்ளங்கையால் தட்டி உட்காரவைத்தேன்.

ஒரு ராக்கெட் கிளப்காரர்கள் ஏவுகிற புல்வெளிக்குப் போனோம். அஞ்சு மீட்டர் தள்ளி நின்று பேத்தி பட்டனை அழுத்தினாள். சர்ரென்று நேராகப் போயிற்று, அதிலே ஒரு குறையும் சொல்ல முடியாது. மோட்டார் ரெண்டு நொடிக்குள் எரிந்து முடிந்துவிடும். பிறகு அஞ்சு நொடி கழித்து அதன் தலைப்பக்கம் சின்னதாக ஒரு மருந்து வெடித்து, மூக்கைத் தள்ளிப் பாராசூட் குடையை வெளியே விட வேண்டும். டப் என்று சத்தம் கேட்டது. மூக்கு அசையவில்லை. உள்ளே அடைபட்ட காற்று வேறு வழியில்லாமல், மோட்டாரைப் பிடித்திருந்த கொக்கியை வளைத்து, மோட்டாரையே பின்னால் துப்பியது. அப்புறம் என்ன, தலைகுப்புற இறங்கி மண்ணில் குத்தியது. குழாய் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்துவிட்டது. நல்லவேளை, நாங்கள் நின்ற இடத்துக்கு வெகு தூரத்தில்.

மூக்குக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை! பேத்தி அதைத் தோண்டி எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது கழலவே கழலாதா?” என்றாள். இன்னும் குழாயின் துண்டு அதிலே ஒட்டியிருந்தது.

இந்த வேலைக்கு மைக்ரோமீட்டரே தேவையில்லை என்று கிளப்பில் ஒருவர் காட்டினார். மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கு, கீழே விழக்கூடாது. லேசாக ஆட்டு, கழன்று வர வேண்டும். அவ்வளவுதான் அளவு. மரத்தைத் தளர்வாகவே கடைந்து, ஏவுகிற அன்றைக்கு ஒட்டுத்தாளை ஒரு சுற்றோ ரெண்டு சுற்றோ சுற்றிச் சரிசெய்துகொள்கிறார்கள். ஈரமான நாளில் ஒரு சுற்று குறையும். நம் ஐடிஐ மாஸ்டர் பார்த்தால் அரத்தைத் தூக்கி எறிவார். ஆனால் அவர் அரம் போடச் சொன்னதெல்லாம் இரும்பில்தானே.

இப்போது நாலாவது மூக்கு மெஷினில் இருக்கிறது. தோளை 40.1க்கு இறக்கிவிட்டேன். அதற்குச் சீலர் பூசுவதா, வெறும் மரமாகவே விடுவதா என்றுதான் குழப்பம். பூசாவிட்டால் மழை வந்தால் ஊதும், பூசினால் பருமன் ஏறும். அப்போதுதான் உன் பட்டறைக்குப் பின்னால் ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மர மாதிரி செய்துகொண்டிருந்த பேட்டர்ன் ஆசாரி ஞாபகம் வந்தது. ஈரமணலில் நாளெல்லாம் புதைத்து எடுத்தாலும் அவர் செய்த மர பேட்டர்ன் அளவு மாறாதே. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தடவுவார், எனக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. எத்தனை தடவை தடவுவார், நடுவிலே தேய்ப்பாரா, எவ்வளவு நேரம் காயவிடுவார்? அவர் இருக்கிறாரா, இல்லை அவர் மகனுக்காவது தெரியுமா? நடக்க முடிந்தால் போய்க் கேட்டு எழுது. முடியாவிட்டால் பையனை அனுப்பு, நீ ஸ்டூலிலேயே இரு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லு.

உன்,
வேலுச்சாமி