டோஃபுவுக்கு ஆட்டுக்கறி மசாலா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் டோஃபு (சோயாப் பன்னீர்), மீல்மேக்கர், காய்கறிகளைத் தணலில் சுடும் குறிப்பு வந்திருந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் கறிக்கு மசாலா தடவும் முறையை அப்படியே எடுத்து இதற்குச் சொல்லியிருக்கிறார்கள்: பப்பாளிக்காய் விழுது, நிறைய எலுமிச்சைச் சாறு, இரவு முழுக்க ஊறல். அப்படிச் செய்தால் மேலே கருகும், உள்ளே சப்பென்று இருக்கும்.

பப்பாளிக்காய் கறியின் நாரை இளக்கத்தான். டோஃபுவில் இளக்குவதற்கு நார் ஏது? அதற்குத் தடையாக இருப்பது உள்ளே நிற்கும் தண்ணீர். அது வெளியேறாமல் உப்பும் உறைப்பும் உள்ளே இறங்காது. கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே அம்மிக்குழவி அளவு கனத்தை அரை மணி நேரம் வைக்க வேண்டும். (வழுவழுவென்ற சில்கன் வகை வேண்டவே வேண்டாம், கம்பியில் நிற்காது.) இன்னும் நல்ல வழி, முதல் நாளே ஃபிரீசரில் உறைய வைத்து, வெளியே எடுத்து உருகியதும் உள்ளங்கையில் வைத்துப் பிழிவது. உறையும்போது பனிக்கட்டி உள்ளே சின்னச் சின்னப் பொந்துகளை உண்டாக்கிவிடுவதால் துண்டு பஞ்சு மாதிரி மசாலாவைக் குடிக்கும். உறைந்த டோஃபு இளமஞ்சளாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உருகியதும் வெள்ளையாகிவிடும்.

மீல்மேக்கரை உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, ஒவ்வொரு முறையும் ஒட்டப் பிழிய வேண்டும். முதல் பிழிசலில் நுரையோடு வரும் அந்தப் பச்சை வாடைதான், "சோயா எனக்குப் பிடிக்காது" என்று பலரைச் சொல்ல வைப்பது.

200 கிராம் டோஃபு, 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கர், 400 கிராம் காய்க்கு அளவு சொல்கிறேன். நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டியை லேசாகச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி கலக்குங்கள். மிளகாயின் நிறமும் உறைப்பும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அல்ல. ஆறியதும் இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, மிளகு சீரகத்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் 1 மேசைக்கரண்டி, முதல் தேங்காய்ப்பால் 100 மில்லி சேர்க்கவும். கடைசியாக, வாசனை வரும்வரை சிறு தீயில் வறுத்த கடலை மாவு 2 மேசைக்கரண்டி. இந்த மாவுதான் மசாலாவைத் துண்டில் பிடித்து வைக்கிறது. வறுக்காமல் போட்டால் சுட்ட பிறகும் பச்சை மாவு நாக்கில் தட்டும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. வழிந்து மூடினால் இன்னும் ஒரு கரண்டி மாவு.

துண்டுகளின் மேல் ஈரம் இருந்தால் மசாலா வழுக்கிக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், துண்டு வெறுமனே வரும். துடைத்துவிட்டுத் தடவுங்கள். டோஃபு, மீல்மேக்கருக்கு ஒரு மணி நேரம் தாராளம். காளானையும் குடைமிளகாயையும் சுடுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் புரட்ட வேண்டும். நேரமானால் உப்பு அவற்றின் நீரை இழுத்து, கிண்ணத்தின் அடியில் குழம்பாகத் தேங்கும். காலிஃபிளவரை உப்பு மஞ்சள் நீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து உலர்த்திக்கொள்ளலாம். சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்தே தீர வேண்டும், இல்லையென்றால் தொண்டை அரிக்கும். இத்தனைக்கும் சுடுவதற்குச் சேனையைப் போல வாகான காய் வேறில்லை, அதை அந்தக் குறிப்பில் விட்டுவிட்டது எனக்குப் பெரிய குறை.

கரியின் மேல் சாம்பல் பூத்த பிறகே கம்பியை வையுங்கள். கொழுந்து விட்டு எரியும்போது வைத்தால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். மூங்கில் குச்சிகள் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். பக்கத்துக்கு 3, 4 நிமிடம். திருப்பப் போனால் ஒட்டிக்கொண்டு வருகிறதா, இழுக்காதீர்கள், அடிப்பக்கம் பொன்னிறமானால் தானே விடும். குறிப்பில் மசாலாவோடு சேர்க்கச் சொன்ன வெல்லப்பாகைக் கடைசி 2 நிமிடத்தில் மேலே பூசினால் போதும். முன்பே கலந்தால் காய் வேகுமுன் வெல்லம் கரியாகிவிடும். தணல் இல்லாத வீட்டில் எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மிதமான தீயில் இதையே செய்யலாம். துண்டுகளை நெருக்கி அடுக்க வேண்டாம், அடுக்கினால் ஆவியில் வெந்துவிடும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள்.

இனி வரும் குறிப்புகளில் 'தேவையான அளவு' என்று விடாமல் கிராமும் நிமிடமும் போடச் சொல்லுங்கள். முதல் முறை செய்பவர்கள் பொருளை வீணாக்குவது அந்த இரண்டு சொல்லால்தான்.

இப்படிக்கு,
சமையற்கலை பயிற்றுநர்,
திண்டுக்கல்