ரிம்ஸ்கி-கோர்சகோவ் வெறும் அலங்காரக்காரரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரஷ்ய இசைமேதைகள் கட்டுரையில் நிக்கொலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தியின் கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை: "சொந்தச் சரக்கு குறைவு, இசைக்கு அழகாக உடை தைத்துப் போடுவதில் கெட்டிக்காரர்." மேற்கத்திய இசையைச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை மறுக்காமல் விடுவது தவறு என்று படுகிறது.

இந்தப் பேச்சு புதிதல்ல என்பது தங்களுக்குத் தெரியும். 1887-இல் அவருடைய 'ஸ்பானிஷ் கப்ரிச்சியோ' என்ற இசைக்குழுப் படைப்பு அரங்கேறியபோதே விமர்சகர்கள் அதை "நன்றாக ஆர்கெஸ்ட்ரேஷன் செய்த இசை" என்று புகழ்ந்தார்கள். ஆர்கெஸ்ட்ரேஷன் என்பது எதை எந்த வாத்தியம் வாசிப்பது என்று பிரித்தெழுதும் கலை. அந்தப் புகழ்ச்சியை அவர் ஏற்கவில்லை. வாத்தியங்களின் நாதம் மாறிக்கொண்டே போவதுதான் அந்த இசையின் சாரம், அது மேலே போர்த்திய உடை அல்ல என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். ஆர்கெஸ்ட்ரேஷன் பற்றிய தன் நூலின் முன்னுரையிலும், அது படைப்பின் ஆன்மாவைச் சேர்ந்தது என்றார். அவரே தெளிவாக மறுத்துவிட்ட ஒரு கருத்தை, அவர் மறுத்தார் என்ற குறிப்புகூட இல்லாமல், தீர்ப்பாக அச்சிட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னது சரியா என்று பார்க்க அதே 'கப்ரிச்சியோ'வே போதும். முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஏறக்குறைய ஒரே இசை, ஸ்பெயினின் அஸ்தூரியப் பகுதியைச் சேர்ந்த ஒரே நாட்டுப்புற நடனம். முதல் பகுதி ஏ மேஜர் என்ற ஸ்வர வரிசையில், மூன்றாவது அரை ஸ்வரம் மேலே, பி ஃபிளாட் மேஜரில். முதலில் கிளாரினெட் தனியாக வாசித்ததை மூன்றாம் பகுதியில் வயலின் எடுத்துக்கொள்கிறது. வயலின் வாசித்தது கிளாரினெட்டுக்குப் போகிறது. ஏ மேஜரில் வயலின்களின் திறந்த தந்திகள் கூடவே அதிர்ந்து நாதம் பளிச்சென்று வரும். பி ஃபிளாட்டில் அந்த ஒத்தாசை குறைந்துவிடும். ஸ்வரங்களை மட்டும் தாளில் பார்த்தால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதியதுபோலத் தோன்றும், காதில் விழுவது வேறு. நான்காம் பகுதியின் தொடக்கத்தில் ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும், பிறகு தனி வயலின், புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ப் என்று ஐந்து கடென்சாக்கள் (வாத்தியங்கள் தனித்து வித்தை காட்டும் இடங்கள்), தாள வாத்தியங்களின் உருட்டொலிமேல் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதைப் பியானோவில் வாசித்துக் காட்டுங்கள், பாதிக்குமேல் மிஞ்சாது. உடை என்றால் கழற்றிய பிறகும் உடம்பு அப்படியே இருக்க வேண்டுமல்லவா?

அவர் பெருங்கூட்டத்தை வைத்துக்கொண்டு பிரமிக்கவைத்தவரும் இல்லை. 1888-இல் எழுதிய 'ஷெஹரஸாட்'டில் நான்கு ஹார்ன், இரண்டு டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு டியூபா, அவ்வளவுதான் பித்தளை வாத்தியங்கள். முந்தைய தலைமுறை ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்கா காலத்து வழக்கமான இசைக்குழுவைக்கொண்டே, பெரிய இசைக்குழுவுக்குப் பேர்போன வாக்னரின் பாதிப்பில்லாமல் இந்த நாதத்தை எட்டினேன் என்பது அவருடைய வாக்குமூலம்.

எப்படி எட்டினார் என்பதை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அதைத்தான் தங்கள் கட்டுரை அறவே விட்டுவிட்டது. உரத்து ஒலிக்கும் இடத்தில் ஒரு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஒரு டியூபா மூன்றும் சம பலம். அவற்றில் ஒன்றுக்கு ஈடாக இரண்டு ஹார்ன் வேண்டும். ஒரு ஹார்னுக்கு ஈடாக இரண்டு புல்லாங்குழலோ இரண்டு ஓபோவோ இரண்டு கிளாரினெட்டோ இரண்டு பசூனோ வேண்டும். மென்மையாக வாசிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே முதல் வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒரு புல்லாங்குழலுக்குச் சமம், உரத்த இடத்தில் இரண்டுக்குச் சமம். மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் தாள்களில் மீண்டும் மீண்டும் கண்ணில் படும் கோளாறு இங்கேதான் பிறக்கிறது. உரத்த இடத்தில் மெட்டை ஒற்றைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்துவிட்டு, கீழே நான்கு ஹார்ன்களை நிரப்பிவிடுவார்கள். கணக்குப்படி எட்டுப் புல்லாங்குழலின் பலம் எதிரே நிற்கிறது, மெட்டு எப்படிக் கேட்கும்? அதேபோல நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு ஒன்றை இரண்டு டிரம்பெட்டுக்கும் இரண்டு ஹார்னுக்கும் பிரித்தால் ஹார்ன் ஸ்வரங்கள் இரண்டும் அமுங்கிப்போகும். ஹார்ன் ஸ்வரம் ஒவ்வொன்றையும் இரண்டு ஹார்ன்கள் சேர்ந்து வாசித்தால் சரியாகிவிடும். இதையெல்லாம் கணக்காக எழுதிவைத்த அந்த நூல், அவர் மறைந்த பிறகு, மாணவரும் மருமகனுமான மக்ஸிமிலியன் ஸ்டைன்பெர்க் தொகுத்து 1913-இல் வெளிவந்தது. உதாரணங்கள் முழுக்க அவருடைய சொந்தப் படைப்புகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. சொந்தச் சரக்கு குறைவானவருக்கு அது எப்படிச் சாத்தியம்?

ஆசிரியராக அவர் எப்படி உருவானார் என்பதும் சொல்லப்பட வேண்டியது. 1871-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியான கன்சர்வேட்டரி அவரைப் பேராசிரியராக அழைத்தபோது வயது 27, கடற்படை அதிகாரி. சீருடையிலேயே வகுப்புக்குப் போனார். ஹார்மனியும் (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் இலக்கணம்) கவுன்டர்பாயின்டும் (பல மெட்டுகளை ஒன்றாகப் பின்னும் இலக்கணம்) முறையாகப் படிக்காதவர். அதை மறைத்துக்கொண்டு காலம் தள்ளாமல், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே தானும் அடிப்படையிலிருந்து பயின்றார். 1875-இல் மட்டும் ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் ஃபியூக் வகையில் அறுபதுக்கு மேல் எழுதிப் பழகினார். 1873-இல் கடற்படை பேண்டுகளின் ஆய்வாளரானதும் டிராம்போன், கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாவற்றையும் கையில் எடுத்து, எந்த ஸ்வரம் எளிதில் வரும், எது திணறும் என்று பார்த்தார். பின்னால் பேர்பெற்ற இசையமைப்பாளர்களான லியாடவ், கிளாஸுனோவ், அரென்ஸ்கி, மியாஸ்கோவ்ஸ்கி எல்லோரும் அவர் மாணவர்கள். புரோகோஃபியேவ் அவருடைய ஆர்கெஸ்ட்ரேஷன் வகுப்பில் இருந்தவர். இத்தாலியிலிருந்து ரெஸ்பிகி வந்து பாடம் கேட்டார். ஸ்ட்ராவின்ஸ்கியைக் கன்சர்வேட்டரியில் சேர வேண்டாம் என்று சொல்லி வீட்டிலேயே கற்பித்தார். தன் 'பான் வோயெவோடா' ஆபெராவின் (இசை நாடகத்தின்) பியானோ பக்கங்களைக் கொடுத்து இசைக்குழுவுக்கு எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும் தான் எழுதியதைப் பக்கத்தில் வைத்து, "நான் ஏன் வேறு மாதிரி செய்தேன்?" என்று கேட்பார். பதில் வராவிட்டால்தான் விளக்குவார். இன்றைக்கும் இதைவிட நல்ல பயிற்சிமுறை எனக்குத் தெரியாது.

கடிதம் நீள்கிறது, மன்னிக்கவும். ஆனால் பழைய வருத்தங்களும் இருக்கின்றன. முன்பொரு இதழில் சைகோவ்ஸ்கியை 'ஐவர்' குழுவில் சேர்த்திருந்தீர்கள். ரஷ்யத் தேசிய இசையை உருவாக்க ஒன்றுகூடிய அந்த ஐவர் பலாகிரேவ், குயி, முசோர்க்ஸ்கி, பொரொதின், ரிம்ஸ்கி-கோர்சகோவ். இன்னொரு இதழில் 'வண்டின் பறத்தல்' வயலின் வித்தைக்காக எழுதப்பட்டது என்று வந்தது. அது 1900-இல் அரங்கேறிய 'ஜார் சால்தான்' ஆபெராவின் மூன்றாம் அங்கத்தில், இளவரசன் வண்டாக மாறித் தந்தையைத் தேடிப் பறக்கும் இடத்தில் இசைக்குழு வாசிப்பது. இரண்டுக்கும் அப்போதே எழுதினேன், ஒரு வரித் திருத்தம்கூட வரவில்லை.

முசோர்க்ஸ்கியின் இசையைத் திருத்திக் 'கெடுத்துவிட்டார்' என்ற பழியையும் இந்த முறை போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய திருத்தங்களில் சில எனக்கும் உவப்பில்லை. 'போரிஸ் கொதுனோவ்' ஆபெராவின் கரடுமுரடான இடங்களை அவர் மழித்தது நஷ்டம்தான். ஆனால் 1881-இல் முசோர்க்ஸ்கி இறந்தபோது அவருடைய இன்னொரு ஆபெராவான 'கோவான்ஷ்சினா' முடிக்கப்படாமலே கிடந்தது. தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து அதை மேடைக்குத் தயார்செய்தவர் இவர். மூலக் கையெழுத்துப் பிரதிகள் பொது நூலகத்துக்குச் சென்றுவிட்டன, பின்னால் வருபவர்கள் மூலத்தை அப்படியே பதிப்பித்துக்கொள்ளலாம், இப்போதைக்குத் தேவை மேடையேற்றக்கூடிய பதிப்பு என்று காரணமும் எழுதிவைத்தார். பிறகு 1928-இல் இசை அறிஞர் பாவெல் லாம் 'போரிஸ் கொதுனோவ்' மூலத்தைப் பதிப்பிக்க முடிந்ததற்கு அந்தப் பிரதிகள் பத்திரமாக இருந்ததுதான் காரணம்.

1905-ஐப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த ஆண்டு வேலைநிறுத்தம் செய்த மாணவர்கள் பக்கம் வெளிப்படையாக நின்றதற்காக அவரைக் கன்சர்வேட்டரியிலிருந்து நீக்கினார்கள். கிளாஸுனோவும் லியாடவும் உடனே பதவி விலகினார்கள். சில காலம் அவருடைய இசையை வாசிக்கவே தடை இருந்தது. ஆண்டு முடிவதற்குள் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மாணவர்களுக்காக 61 வயதில் வேலையை இழக்கத் துணிந்த ஒருவரை அலங்காரக்காரர் என்று எழுதுவது மனதை வலிக்கச் செய்கிறது.

நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த இதழில் அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே கட்டுரையோடு வந்த படத்துக்கும்: அது ரிம்ஸ்கி-கோர்சகோவ் அல்ல, 1881-இல் மருத்துவமனையில் ரேப்பின் வரைந்த முசோர்க்ஸ்கி. ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஓவியம் வேண்டுமென்றால் 1898-இல் செரோவ் வரைந்தது இருக்கிறது.

இப்படிக்கு,
மேற்கத்திய இசை ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்