பின்பால் போட்டி நல்லபடியா முடிஞ்சுதுங்க, கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கோயமுத்தூர்ல நம்ம பின்பால் போட்டி நல்லபடியா முடிஞ்சுது. பரிசெல்லாம் குடுத்தாச்சு, மெஷினுக அவங்கவங்க வீட்டுக்கே பத்திரமா திரும்பிப் போயாச்சு, மண்டபத்துக்கு பாக்கி எதுவும் இல்ல. இப்பத்தான் உக்காந்து நன்றி சொல்ல நேரம் கெடச்சுது. பேரப் போட வேண்டாம்னு பாதிப்பேருக்கு மேல சொல்லிட்டாங்க, அதனால ஊரும் தொழிலும் மட்டும் சொல்றேன், யாரச் சொல்றேன்னு அவங்களுக்கே தெரியும்.

மொதல்ல காசு விசயம். பின்பால்னா என்னன்னு கேக்கறவங்கதான் இந்தப் பக்கம் எச்சு, கண்ணாடிக்கு அடியில சாஞ்ச பலகை இருக்கும், அதுல ஒரு இரும்பு குண்டு உருண்டு வரும், பட்டனத் தட்டுனா ஃப்ளிப்பர்ங்கற ரெண்டு குட்டிக் கை அத அடிச்சு மேல அனுப்பும்னு மொதல்ல இருந்து வெளக்கிச் சொல்லி அதுக்கப்பறம் ஸ்பான்சர் கேட்டா யாருங்க தருவாங்க. தர்றேன்னு ஒத்துக்கிட்ட ஒரே எடமும் போஸ்டர் அடிக்கற நேரத்துல முடியாதுன்னுட்டாங்க. அப்பத்தான் கோபி பக்கத்து பெரியப்பா ஒருத்தரு, "ஏங்கண்ணு, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மொய் எழுதற ஊருல பொறந்துட்டு கம்பெனி வாசல்ல எதுக்கு நிக்கறீங்க, ஒரு நோட்டப் போடுங்க"ன்னாரு. அவரே கடைக்குப் போயி நீட்டு நோட்டு ஒண்ணு வாங்கி, மஞ்சத் தடவி, மொத வரிய அவரு பேருலயே எழுதி ஆரம்பிச்சு வெச்சாரு. அதுல 101 எழுதுனவங்களும் இருக்காங்க, 5001 எழுதுனவங்களும் இருக்காங்க, பின்பால ஒருக்கா கூட பாக்காதவங்கதான் அதுல முக்காவாசி. பெரியப்பா, நீங்க போட்ட நோட்டு இல்லீன்னா இந்தப் போட்டியே இல்லீங்க.

என்ட்ரி ஃபீஸ் ஆளுக்கு 300 ரூபா. அது முழுசும் பரிசுக்கே போகும், செலவுக்கு ஒத்த ரூபா எடுக்கறதில்லன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணியிருந்தோம். மண்டப வாடகை, ஜெனரேட்டர் டீசல், குட்டியானை வாடகை, மத்தியானச் சோறு, மெஷினுக்குள்ள கரண்ட்ல பந்தை தள்ற காயிலுக்கு செம்புக்கம்பி எல்லாமே மொய் நோட்டுப் பணம். இத நான் நொம்ப முக்கியமா நெனைக்கறேன். ஆடறவன் குடுத்த காசு ஆடறவனுக்கே திரும்பிப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் தோத்துட்டுப் போறவனும் அடுத்த தடவ மனசோட வருவான், வாடகைக்கும் டீசலுக்கும் அவங்கிட்டயே புடிங்குனா பரிசு சுருங்கிப்போயிரும், கணக்கு கேக்கற எடத்துல நம்மளுக்கும் பேச்சு வராது. மெஷினுக்கு காசு போட்டு ஆடற பழக்கத்தையும் எடுத்துட்டு எல்லாத்தையும் ஃப்ரீ பிளேல வெச்சுட்டோம், அதனால பிராக்டிஸ் பண்ண வந்த பசங்க கூட பைசா செலவில்லாம ஆடுனாங்க.

மெஷின் குடுத்தவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. ஒரு மெஷின் நூறு கிலோவுக்கு மேல வரும், காலக் கழட்டி, தலைய மடக்கி, பெல்ட் போட்டு கட்டி நாலு பேரு தூக்கணும். ஒண்ணு மூடிப்போன கேம் பார்லர்ல இருந்து ஸ்கிராப் வெலைக்கு எடுத்து ராத்திரி ராத்திரியா உக்காந்து உசுரு குடுத்தது, இன்னொண்ணு அமெரிக்காவுல இருந்து வீட்டுச் சாமானோட கப்பல்ல வந்தது. அப்படிப்பட்டத பொழுதுக்கும் பட்டன அடிக்கறதுக்கும் தள்ளி ஆட்டறதுக்கும் முன்னப்பின்ன தெரியாத ஆளுக கையில குடுக்கறதுக்கு பெரிய மனசு வேணும். ஏத்தி எறக்குன குட்டியானை டிரைவர் தம்பி ஸ்பீடு பிரேக்கர் வர்ற எடமெல்லாம் எறங்கிப் பாத்துட்டு ஓட்டுனாப்ல, தம்பிக்கும் நன்றி.

இப்ப ஆவாரம்பாளையத்து வைண்டிங் கடை அண்ணனப் பத்தி கொஞ்சம் எச்சாவே சொல்லோணும். அண்ணன் காலம்பூரா கெணத்து மோட்டாருக்கும் சப்மெர்சிபிளுக்கும் வைண்டிங் போட்டவரு. பழைய மெஷின் ஒண்ணுல பந்தை வெளிய தள்ற காயில் கருகிப்போயிருந்துச்சு, அதுமேல சுத்தியிருந்த பேப்பர்ல ஏஇ-23-800ன்னு போட்டிருந்துச்சு. 23ங்கறது கம்பியோட கேஜ், அதாவது தடிமன் நம்பர், 800ங்கறது எத்தன சுத்துங்கறது. அப்படியே சுத்திக் குடுங்கண்ணான்னா, இருங்கன்னு சொல்லி மைக்ரோமீட்டர எடுத்து கருகாத எடத்துல கம்பியப் புடிச்சுப் பாத்தாரு, 0.57 மில்லி வந்துச்சு. அமெரிக்க கேஜும் நம்ம கடைகள்ல ஓடற எஸ்டபிள்யூஜிங்கற பிரிட்டிஷ் கேஜும் ஒண்ணு கெடையாது, அவங்க 23 நம்ம 24க்குத்தான் பக்கத்துல வரும், கண்ண மூடிட்டு நம்ம 23 போட்டிருந்தா கம்பி தடியாகி, ரெசிஸ்டன்ஸ் கொறஞ்சு, கரண்ட் எச்சா இழுத்திருக்கும். அவரு அளந்து பாக்காம விட்டிருந்தா அந்த மெஷின் போட்டிக்கே வந்திருக்காது.

ஃப்ளிப்பர் காயிலையும் அவருதான் பாத்தாரு. அதுல ரெண்டு வைண்டிங் இருக்கும், தடிக்கம்பி பந்தை அடிக்கறதுக்கு, மெல்லிசுக் கம்பி பட்டன அமுத்திப் புடிச்சிருக்கறப்ப ஃப்ளிப்பர மேலயே நிறுத்தி வெக்கறதுக்கு. ஃப்ளிப்பர் மேல போய் நின்னதும் ஒரு குட்டி சுவிட்ச் தடிக்கம்பியோட வேலைய முடிச்சு விடணும், அந்த சுவிட்ச் ஒட்டிக்கிச்சுன்னா கரண்ட் நிக்காம ஓடி காயில் வெந்துரும். எல்லா பழைய மெஷின்லயும் அந்த சுவிட்ச ஒவ்வொண்ணா தேய்ச்சு அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தாரு, 110 வோல்ட் மெஷினுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரும் அவரு கையால சுத்துனதுதான். காசு எவ்வளவுங்கண்ணான்னு கேட்டதுக்கு செம்புக்கம்பி வெலைய மட்டும் வாங்கிக்கிட்டு, கூலிய மொய் நோட்டுல அவரு மகன் பேருல எழுதச் சொல்லிட்டாரு.

பம்பு செட்டுக்கு ரப்பர் வார்க்கற கணபதி ஏரியா பட்டறைக்காரங்க ஃப்ளிப்பருக்கு ரிங் செஞ்சு குடுத்தாங்க. குண்டு ஒவ்வொண்ணும் 27 மில்லி, 80 கிராம், கீறல் விழுந்த குண்ட அப்படியே விட்டா பலகைப் பெயிண்ட்ட சொரண்டி எடுத்துரும்னு பேரிங் கடை அண்ணன் ஒண்ணேகால் இஞ்சும் ஒண்ணரை இஞ்சும் இருந்த பெட்டியெல்லாம் தள்ளிட்டு 1-1/16 இஞ்சுல புதுசாவே தேடிக் குடுத்தாரு.

அன்னூர்ல இருந்து வந்த கொத்தனாரு அண்ணனுக்கு தனியா ஒரு கும்புடு. மண்டபத் தரை ஒரு பக்கம் வாட்டமா இருந்துச்சு. மெஷின் முன்னும் பின்னும் ஆறரை டிகிரி சாஞ்சு இருக்கோணும், எடமும் வலமும் துளி சாயக்கூடாது, சாஞ்சா பந்து ஒரே ஓரத்துக்கு ஓடும், அப்ப அது தெறமைக்கு வெக்கற போட்டியே இல்ல. அண்ணன் ரசமட்டத்த வெச்சு ஒவ்வொரு மெஷினோட காலையும் திருகித் திருகி சரி பண்ணுனாரு, மத்தியான பிரேக்ல யாரும் சொல்லாமலே திரும்பி வந்து மறுபடியும் வெச்சுப் பாத்தாரு.

மண்டபத்துக்காரரு மொதல்ல யோசிச்சாருங்க. இது சூதாட்டமா தம்பின்னு நேராவே கேட்டாரு, அவரு கேட்டது நியாயம்தான். நியூயார்க்லயே 1942ல இருந்து 1976 வரைக்கும் பின்பால சூதுன்னு தடை பண்ணித்தான் வெச்சிருந்தாங்க, அந்தத் தடை வந்தப்ப மெஷின்ல ஃப்ளிப்பரே கெடையாது, அது 1947லதான் வந்துச்சு. கடைசில ரோஜர் ஷார்ப்ங்கறவரு நகர சபை ஆளுங்க முன்னாடி நின்னு, பந்து இந்த வழியாத்தான் போகும்னு முன்கூட்டியே சொல்லி அடிச்சுக் காட்டுனதுக்கப்பறம் தடைய எடுத்தாங்க. அவரோட பசங்க ஜோஷும் ஜாக்கும்தான் இன்னைக்கு ஐஎஃப்பிஏங்கற சர்வதேச பின்பால் சங்கத்தோட உலக ரேங்கிங்க நடத்திட்டு வர்றாங்க. இதையெல்லாம் பொறுமையா கேட்டுட்டு, அப்ப எனக்கும் ஆடிக் காட்டுங்கன்னாரு, ஆடிப் பாத்தாரு, வாடகைல பாதிய கொறச்சுக்கிட்டாரு. ஐயா, நீங்க கேள்வி கேட்டு ஒத்துக்கிட்டதுதான் எங்களுக்கு நொம்ப பெரிய பலம்.

திருப்பூர் பனியன் கம்பெனி அக்கா வாலண்டியர் டீசர்ட் அத்தனையும் குடுத்தாங்க. சென்னிமலைல இருந்து வந்த பெட்ஷீட்டுகதான் ராத்திரில மெஷினுக்கு தூசி படாம போர்த்துனது. பேரூர் அக்காளுக வெச்ச அரிசிம்பருப்புச் சோத்துக்கும் நெய்க்கும் பெங்களூர்ல இருந்து வந்த பசங்க ரெண்டாவது ரவுண்டு ஆட்டத்தையே மறந்துட்டாங்க, கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் கொண்டு வரவேண்டியதா போச்சு. மொதப் பரிசுல பணத்தோட சேத்துக் குடுத்த டேபிள் டாப் கிரைண்டர் பீளமேட்டு அன்பர் ஒருத்தரு குடுத்தது, கோயமுத்தூர்ல ஜெயிச்சவங்க கையில கோயமுத்தூர் கிரைண்டர் போறதுதான் மொறைன்னு சொன்னாரு.

ஸ்கோர் எழுதுன காலேஜ் புள்ளைங்களே, உங்களத்தான் கடைசியா வெச்சிருந்தேன். நாலு நாலு பேரா குரூப் போட்டு, மொத எடத்துக்கு 7, அப்பறம் 5, 3, 1ன்னு பாயிண்ட் போட்டு, பந்து சிக்குனா ஓடி வந்து கண்ணாடியத் தூக்கி எடுத்துக் குடுத்து, மெஷின் கோளாறுல பந்து போயிருந்தா அதுக்கு ஈடா ஒரு பந்து குடுத்து, அவன் அவனே மெஷின ஆட்டுன ஆட்டுல டில்ட் ஆகி மெஷின் ஆட்டத்த நிறுத்தியிருந்தா கெடையாதுன்னு தைரியமா சொன்னீங்க பாருங்க, உங்கள விட வயசுல மூத்தவங்க சத்தம் போட்டப்ப கூட முடிவ மாத்தல. கரூர்ல இருந்து வந்த ஒம்பதாங்கிளாஸ் அம்மிணி ரெண்டாவது எடம் வந்துச்சுன்னா அதுல ஒரு பங்கு உங்களுக்கும் இருக்கு, பெரியவங்களுக்கு ஒரு சட்டம் சின்னவங்களுக்கு ஒரு சட்டம்னு நீங்க வெக்கல.

செலவு போக மொய் நோட்டுல மிச்சம் இருக்கற பணம் முழுசும் செம்புக்கம்பிக்கும் ரப்பருக்கும்னு ஒதுக்கி வெச்சிருக்கோம். வரவு செலவு ரெண்டு பக்கமும் எழுதி முடிச்சாச்சு, நோட்டு பெரியப்பாகிட்டத்தான் இருக்குது, மொய் எழுதுன யாரு வேணும்னாலும் போயி பாத்துக்கலாமுங்க. அப்பறம் சென்னிமலை பெட்ஷீட்டுக எல்லாம் தொவைச்சு மடிச்சு ரெடியா இருக்குது, வைண்டிங் கடை அண்ணனோட மைக்ரோமீட்டரும் எங்ககிட்டயே தங்கிருச்சு, ரெண்டையும் இந்த வாரத்துக்குள்ள கொண்டு வந்து சேத்தர்றோம்.