மெனாசாவில் கணக்குச் சொன்னவர்களுக்கு

இந்தோனேசியாவின் அச்சே மண்ணில் என்னை நான்கு மாதம் வைத்துச் சோறிட்ட கம்போங் (கிராம) மக்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கிராம நிதியைப் பற்றிய என் ஆய்வேடு முடிந்துவிட்டது. அதன் முன்னுரையில் இடம் போதவில்லை. ஆகவே இந்த மடல்.

2014 ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்தையும், 2015 முதல் ஜகார்த்தாவிலிருந்து ஊர்களுக்கு வரும் ‘டானா டெசா’ என்னும் கிராம நிதிப் பணத்தையும் நாகூரில் இருந்தபடியே படித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பணத்தைக் கையாடிச் சிறை சென்ற கிராமத் தலைவர்கள் உண்டு என்பதும் தெரியும். தெரியாதிருந்தது, இஷா தொழுகைக்குப் பிறகு மெனாசா என்னும் ஊர்த் தொழுகைக் கூடத்தில் பாய் விரித்து நீங்கள் நடத்தும் மஷூரா என்னும் ஊர்க் கலந்தாலோசனை.

ஒரு நாள் இரவு அங்கே ஒரு மூதாட்டி எழுந்தார். எங்கள் ஊர் உம்மம்மாக்களின் அதே குரல். “சிமெண்ட் பாதை மூன்று மீட்டர் என்று பலகையில் எழுதியிருக்கிறது. என் வீட்டு வளைவில் குறுகுகிறதே, மிச்ச சிமெண்ட் எங்கே?” ஊர்த் தலைவரான கெச்சிக் அவர்களே, நீங்கள் முகம் சுளிக்கவில்லை. டேப்பும் டார்ச்சும் கொடுத்து இளைஞர்களை அனுப்பினீர்கள். 2.70 மீட்டர்! பாக்கு மரங்களை வெட்ட மனமில்லாமல் ஒருவர் இடம் தரவில்லை. மிஞ்சிய 11 மூட்டை வடிகாலுக்குப் போயிருந்தது. பொருளாளர் ரசீதைக் காட்டினார். ஆனால் அந்த மாற்றம் மஷூரா ஏட்டில் இல்லை. “அமானிதமாக ஒப்படைத்த பணத்தில் எழுதாமல் விட்டதும் குறைதான்” என்று ஊர்ப் பெரியோர் சபையான துஹா புட்டின் பெரியவர் சொல்ல, அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டீர்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுக்க அனுமதித்ததற்கு நான் என்றும் கடன்பட்டவன்.

பொருளாளர் அவர்களே, கூலி நாளில் உங்கள் அருகே உட்கார வைத்தீர்கள். கலவை காயாத கைகளோடு வந்தவர்களுக்கு அன்று மாலையே எண்ணிக் கொடுத்தீர்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியைச் சிறு வயதிலிருந்து ஓதியவன் நான். அது நடக்கக் கண்டது அன்றுதான்.

தெங்கு இமாம் அவர்களுக்குத் தனி நன்றி. ஸகாத் என்னும் கடமையான தர்மப் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பாலத்தை முடித்துவிடலாமே என்று நான் கேட்டபோது, இரண்டு ஏடுகளை எடுத்து வைத்தீர்கள். ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் வகுத்திருக்கிறது. ஊர்ப் பாலத்துக்கு ஊர் நிதி. பச்சை அட்டை ஏழைக்கு, நீல அட்டை பாதைக்கு. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் அந்த இரண்டு அட்டைகளைப் பற்றியதுதான்.

மொழிபெயர்த்த தம்பிக்கும், காலையில் காபியும் புளுட் என்னும் ஒட்டரிசிச் சோறும் தந்த பெண்களுக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரன்.

ஆய்வேட்டுப் பிரதியொன்றை மலாய்ச் சுருக்கத்தோடு அனுப்பியிருக்கிறேன். மெனாசா அலமாரியில் அந்த ஏடுகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அளவைக் கேட்ட அந்த உம்மம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். அளவில் பிழை கண்டால் எழுதச் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.