ஃபாஸ்டர் நாய்க்கும் இடம் கொடுங்கள்: சென்னை அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

வீட்டு நாய்க்குத் தடை போடாத சங்கங்கள்கூட, மீட்கப்பட்ட நாயைச் சில வாரம் வைத்திருந்து தத்து கொடுக்கும் ஃபாஸ்டர் வீடு என்றால் தயங்குகின்றன. ‘யாருடையது என்றே தெரியாத நாய்கள் வந்து போகும்’ என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு விதி வகுக்கலாம், தடை வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை. பெரும்பான்மை ஓட்டெடுத்தும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டாரோடு சட்டம் பேசிக்கொண்டு ஃபாஸ்டர் நடத்த முடியாது. அதனால்தான் இந்த மடல்.

காப்பகம் இருக்கும்போது வீடு எதற்கு? முதல் காரணம் பார்வோ, குட்டிகளின் உயிரைப் பறிக்கும் வைரஸ் தொற்று. குட்டிக்குத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடவேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியையே வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அது எப்போது குறையும் என்பதும் குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளியில் பல நாய்கள் நடமாடும் தரையில் குட்டி இருப்பது ஆபத்து. பார்வோ கிருமி மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். பினாயில் அதைக் கொல்லாது. முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச் வீண்.

ஆகவே, ஊசிகள் முடியும்வரை குட்டியைப் புல்வெளியிலோ வராந்தாவிலோ இறக்கிவிடக் கூடாது என்று நீங்களே விதி போடுங்கள். உங்களுக்கும் நல்லது, குட்டிக்கும் நல்லது. ஆனால் தூக்கிக்கொண்டு உலவ அனுமதியுங்கள். 3 முதல் 14 வாரத்துக்குள் பழகாத சத்தமும் ஆளும் பிறகு பெரும்பாலும் பயமாகவே நின்றுவிடும். குக்கர் விசில், மிக்சி, காலிங் பெல், கைத்தடியோடு நடக்கும் தாத்தா எல்லாம் வீட்டில்தான் கிடைக்கும். கூண்டில் கிடைக்காது.

வளர்ந்த நாய் வந்தால் முதல் இரண்டு மூன்று நாள் கட்டிலடியில் பதுங்கும், சரியாகச் சாப்பிடாது. கொஞ்ச வேண்டாம், விருந்தாளியை அழைத்துக் காட்டவும் வேண்டாம். இதுவே குட்டியானால் ஒருநாள் சாப்பிடாவிட்டாலும் மருத்துவரிடம் ஓடவேண்டும். அடிக்கடி நடக்கும் விபத்து தப்பியோட்டம், அதுவும் கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவே. மிரண்ட நாய் பின்னால் இழுக்கும், பட்டை தலைவழியே கழன்றுவிடும். கழுத்துப்பட்டைக்கு ஒன்று, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸுக்கு ஒன்று என இரண்டு கயிறு போடுவது அதற்காகத்தான். வாட்ச்மேனிடம் நாயின் படம் இருக்கட்டும்.

பாசத்தில் ஊற்றும் பசும்பாலும் திடீர் உணவு மாற்றமும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். பழைய உணவோடு புதியதை ஒரு வாரம் கலந்து மாற்றினால் போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.

ஃபாஸ்டரின் பலன் என்ன என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. துடைப்பத்தைக் கண்டு ஒடுங்கிய நாய் பக்கவாட்டில் காலை நீட்டித் தூங்கும் நாளில் அந்த வீட்டாருக்கே அது தெரிந்துவிடும். வெளியே தெரியாத பலன் அவர்கள் எழுதித் தரும் குறிப்பு: குழந்தைகளிடம் எப்படி, பூனையைத் துரத்துமா, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், கார் ஒத்துக்கொள்ளுமா. தத்தெடுத்த நாய் ஒரே மாதத்தில் திரும்பி வராமல் காப்பது பெரும்பாலும் இந்த ஒரு பக்கம்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் மூத்தவர்கள், 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் பலரால் 12–15 வருடப் பொறுப்பை ஏற்க முடியாது. இரண்டு மாதம் முடியும். பிரிவு வலிக்கும், உண்மை. வலி தாங்காமல் அவர்களே தத்தெடுத்துக்கொள்வதும் உண்டு. நாய்க்கு யோகம்தான், ஆனால் அடுத்த நாய்க்கான இடம் போய்விடும். முதல் வாரத்திலேயே அந்த முடிவை எடுக்கவேண்டாம் என்று நாங்களே சொல்வோம்.

உங்கள் நிபந்தனைகள் இப்படி இருக்கலாம்: ஒரு நேரத்தில் ஒரு நாய் அல்லது ஓர் ஈற்றுக் குட்டிகள், மீட்ட அமைப்பின் கடிதமும் தொலைபேசி எண்ணும், தடுப்பூசி அட்டை நகல், மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், பொது இடத்தில் கயிறு, கழிவை அள்ளப் பை. குரைப்பதாகப் புகார் வந்தால் இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். புதிய வீட்டில் தனியே விட்டால் அழும். அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே போய்வந்து பழக்க வேண்டும்.

ஒரு நிபந்தனையை மட்டும் சேர்க்காதீர்கள்: ‘லிஃப்டில் நாய் கூடாது’. கருத்தடை அறுவை முடிந்த நாய் 10 முதல் 14 நாள் குதிக்கவோ ஓடவோ கூடாது, தையல் பிரிந்துவிடும். வண்டி மோதி இடுப்பெலும்பு முறிந்த நாய்க்கு ஓய்வு வாரக்கணக்கில் தேவை. நான்காம் மாடிக்குப் படியேறச் சொன்னால் சிகிச்சை செய்ததே வீணாகிவிடும். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதப் பொருளாக வையுங்கள். அழைத்தால் கால்நடை மருத்துவர் ஒருவரோடு வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஃபாஸ்டர் வீடு தேடும் தன்னார்வலர்கள், சென்னை