கிலோமீட்டரை மட்டும் கூட்டாதீர்கள்: சைக்கிள் அணி இயக்குநர்களுக்கு ஒரு மடல்

ஐயா, வணக்கம்.

எந்த வீரர் எந்தப் பந்தயத்துக்குப் போவது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிற ஐரோப்பிய சைக்கிள் அணிகளின் இயக்குநர்களுக்கு, ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு பந்தயம் பார்க்கும் ஒரு ரசிகன் எழுதுவது. குறை ஒன்றே ஒன்றுதான். டைம் ட்ரயலில், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மோதும் ஓட்டத்தில், கெட்டிக்காரரான ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் ஜெயிக்க முடியாத பந்தயத்துக்கு அனுப்புகிறீர்கள். மூன்று வாரம் சமதளத்தில் பெலோட்டானை (வீரர்களின் பெருங்கூட்டத்தை) முன்னால் நின்று இழுக்கவிட்டு, தண்ணீர் போத்தல் சுமக்கவிட்டு, அப்புறம் டைம் ட்ரயல் அன்று காலையில் "இன்று உன் நாள்" என்கிறீர்கள். அந்தக் கால்களில் என்ன மிச்சம் இருக்கும்?

2012 டூர் டி பிரான்ஸில் தனிநபர் டைம் ட்ரயல் மொத்தம் 101.4 கிலோமீட்டர். பிராட்லி விக்கின்ஸ் ஜெயித்தார். 2015இல் அது வெறும் 13.8 கிலோமீட்டர், அதுவும் முதல் நாளே யூட்ரெக்டில் முடிந்துபோனது. மூன்றே வருஷத்தில் இவ்வளவு தேய்ந்த பந்தயத்தை நம்பி ஒருவரின் வருஷத்தையே கட்டி வைக்கலாமா?

சரி, கிலோமீட்டர் அதிகம் இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில், 2023இல் மூன்று டைம் ட்ரயல்கள், 70 கிலோமீட்டருக்கு மேல். காகிதத்தில் விருந்து மாதிரி தெரியும். முதல் இரண்டையும் ரெம்கோ எவனபூல் ஜெயித்தார். இரண்டாவதை ஜெயித்த அன்று இரவே கோவிட் வந்து வீட்டுக்குப் போனார். பந்தயத்தைத் தீர்மானித்தது மூன்றாவது, மோன்டே லுசாரி மலையில் முடிந்தது. 18.6 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் கடைசி ஏழு கிலோமீட்டர் சொச்சம் சராசரி 12 சதவீத ஏற்றம். அடிவாரத்தில் டைம் ட்ரயல் சைக்கிளை ஓரமாகக் கொடுத்துவிட்டு லேசான சைக்கிளில் ஏறிப் போனார்கள். பிரிமோஷ் ரோக்லிச்சுக்கு நடுவழியில் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டு போய், 26 விநாடி முன்னிலையில் இருந்த கெரைன்ட் தாமஸை மொத்த நேரக் கணக்கில் 14 விநாடியில் தோற்கடித்தார். பெயர்தான் டைம் ட்ரயல். உள்ளே இருந்தது மலையேற்றம்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போன எவருக்கும் இது புரியும். சமதளத்தில் எதிரி காற்று. அங்கே உடல் எடை பெரிய விஷயமில்லை, கால் பலமும் குனிந்த முதுகும்தான் கணக்கு. ஃபிலிப்போ கன்னா 80 கிலோவுக்கு மேல் இருப்பவர். 2022 அக்டோபரில் ஸ்விட்சர்லாந்தின் கிரென்ஹன் உள்ளரங்கில் ஒரே மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். அதே உடம்பை 10 சதவீத ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு கிலோவும் வட்டி கேட்கும்.

ஆகவே ஒரு வாரப் பந்தயங்களைப் பாருங்கள் என்கிறேன். 2009 டூர் டி சுவிஸ்ஸில் ஃபாபியன் கான்செலாரா முதல் நாள் டைம் ட்ரயலையும் கடைசி நாள் பெர்னில் நடந்ததையும் ஜெயித்து, சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் மொத்தப் பந்தயத்தையும் தட்டிக்கொண்டு போனார். 2011 பாரிஸ்–நீஸில் டோனி மார்ட்டின் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸில் முடிந்த 27 கிலோமீட்டரில் முன்னிலை எடுத்தார், விடவேயில்லை. அதே வருஷம் பெய்ஜிங் பந்தயத்தில் முதல் நாள் 11 கிலோமீட்டர் சொச்சத்தில் கிடைத்த 17 விநாடியைக் கடைசி நாள் வரை பொத்திப் பொத்திக் காப்பாற்றினார். மலை குறைவாக இருந்தால் 17 விநாடியே பெரிய சொத்து.

ஆனால் முதல் நாள் நடக்கும் ஆறு கிலோமீட்டர் குட்டி டைம் ட்ரயலை நம்பாதீர்கள். அதில் கிடைப்பது ஐந்தாறு விநாடி. மறுநாள் முடிவுக்கோட்டை முதலில் தாண்டும் ஸ்பிரின்ட் வீரருக்கு மொத்த நேரத்தில் கழித்துக்கொடுக்கும் போனஸே 10 விநாடி. 15 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். எப்போது வருகிறது என்பதும் முக்கியம். பலமான அணி என்றால் தொடக்கத்திலேயே வரட்டும், முதலிடக்காரரின் மஞ்சள் சட்டையை அணியே சேர்ந்து காப்பாற்றலாம். அணி பலவீனமா? கடைசி நாள்தான் நல்லது. மலையில் இழந்ததைத் தனியாளாக மீட்க அவருக்கு வேறு யார் தயவும் வேண்டாம்.

டாம் டூமுலான் 2017 ஜிரோவில் செய்தது அதுதான். ஸ்டெல்வியோ மலைக்கணவாயைத் தாண்டிய அந்த நாளில், கடைசி ஏற்றத்துக்கு முன் வயிறு கலக்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு, முதலிடக்காரருக்கான இளஞ்சிவப்புச் சட்டையைக் கழற்றிக்கொண்டு சாலையோரப் பள்ளத்துக்கு ஓடினார். இரண்டு நிமிடத்துக்கு மேல் போச்சு. கடைசி நாள் காலையில் நான்காம் இடம், முதலிடத்தில் இருந்த குவின்டானாவுக்கு 53 விநாடி பின்னால். மோன்சாவிலிருந்து மிலான் வரை 29.3 கிலோமீட்டர் டைம் ட்ரயல். சாயங்காலம் 31 விநாடி முன்னால். அவ்வளவு தூரம் தட்டையாகக் கிடைத்தால் வயிற்றுப்போக்கைக்கூடத் தாங்கலாம் போலிருக்கிறது.

பந்தயத்தின் பெயரைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். போர்ச்சுகலின் தென்கோடியில் பிப்ரவரியில் நடக்கும் வோல்டா அவ் அல்கார்வே ஐந்து நாள்தான். வழக்கமாக இரண்டு மலை முடிவுகள், ஒரு டைம் ட்ரயல். மார்ட்டின் இரண்டு முறையும் எவனபூல் மூன்று முறையும் அங்கே ஜெயித்தார்கள். 2025இல் என்ன செய்தார்கள் தெரியுமா? டைம் ட்ரயலின் முடிவுக்கோட்டையே மல்யாவ் ஏற்றத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றும் ஜெயித்து, மொத்தப் பந்தயத்தையும் எடுத்துக்கொண்டவர் மலையேற்ற வீரரான யோனாஸ் விங்கேகோர்.

தரவரிசைப் புள்ளி குறைவான பந்தயத்துக்கு எதற்கு நல்ல ஆளை அனுப்ப வேண்டும் என்று கேட்பீர்கள். டூரில் 90ஆம் இடம் வருகிறவரால் உங்களுக்கு எத்தனை புள்ளி கிடைக்கிறது?

அடுத்த பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் ஒரே ஒரு வாரம் கேட்கிறேன். அந்த வருஷத்துப் பந்தயப் பாதையின் வரைபடம் வந்த பிறகு தேர்ந்தெடுங்கள், அவரைத் தலைவராக அனுப்புங்கள், ஏற்றங்களில் கூடவே நிற்க இரண்டு பேரைக் கொடுங்கள். அந்த வாரம் போத்தல் எடுக்க வேறு யாராவது அணியின் காருக்குப் பின்னால் போகட்டும்.

இப்படிக்கு,
டைம் ட்ரயல் நாளில் மட்டும் சீக்கிரம் வீடு திரும்பும் ஒரு ரசிகன்