டொமேனை வணிகரின் பெயரிலேயே பதியுங்கள்: சிறுவணிகர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ச் சிறுவணிகர் சங்கத் தலைவர், செயலாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அகப்பக்கம் அமைத்துத் தரச் சங்கம் எடுத்திருக்கும் முயற்சியை முழுமனத்தோடு வரவேற்கிறோம். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் அரைத்த மசாலாத்தூளை ரவாங்கில் இருப்பவரும் யுனிசெல் பல்கலைக்கழக மாணவரும் கைப்பேசியில் தேடி வாங்கும் காலம் இது. ஆனால் திட்டத்தில் ஒரு வரி எங்களை உறுத்துகிறது. எல்லா டொமேன்களையும், அதாவது அகப்பக்கங்களின் இணைய முகவரிப் பெயர்களையும், அகப்பக்கம் செய்யும் நிறுவனமே தன் கணக்கில் வாங்கிப் பராமரிக்கும் என்கிறது அந்த வரி. அதை மாற்றுங்கள். பெயரை முடிவுசெய்ய உறுப்பினர்களுக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். ஏன் என்று விளக்குகிறோம்.

டொமேன் காசு கொடுத்துச் சொந்தமாக்கும் பொருள் அல்ல. ஆண்டுக்கணக்கில் எடுக்கும் குத்தகை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே உரிமை. பணம் கட்டியவர் யார் என்று பதிவேடு கேட்பதில்லை. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தும் வீடு தம் பெயரில் இல்லாததால் வெளியேறியவர்களை அறிந்த ஊர் இது. பதிவுப் படிவத்தில் 'நிறுவனம்' என்றொரு கட்டம் இருக்கும். அதை நிரப்பிவிட்டால் டாட் காம் போன்ற பெயர்களில் அந்த நிறுவனமே உரிமையாளராகக் கருதப்படும். மேலே எழுதிய தனிமனிதர் பெயர் வெறும் தொடர்பாளர்தான். வடிவமைப்பாளர் அங்கே தன் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், கடைக்காரர் பத்து ஆண்டு சந்தா கட்டினாலும் டொமேன் அவருடையது ஆகாது. பிறகு நிறுவனம் மூடினாலோ, தொடர்பு அறுந்தாலோ, கூடுதல் கட்டணம் கேட்டாலோ கடைக்காரர் கையில் எதுவும் இருக்காது.

ஆகவே ஒப்பந்தத்தில் இதை எழுதுங்கள்: கணக்கு வணிகரின் பெயரில், எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவெண் வணிகருடையது, மின்னஞ்சல் வணிகர் தாமே திறக்கும் மின்னஞ்சல், கடவுச்சொல் வணிகரிடம். வேலை செய்ய வடிவமைப்பாளருக்கு அனுமதி வேண்டுமென்றால் தனிப் பயனர் அனுமதி கொடுக்கலாம், அது போதும். புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரைப் பெரும்பாலும் முதல் 60 நாளுக்கு வேறு டொமேன் விற்பனையாளரிடம் மாற்ற முடியாது. தவறான பெயரில் பதிந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இதனால் மேலும் தாமதமாகும்.

அந்த மின்னஞ்சலில் ஒரு கண்ணி இருக்கிறது. டொமேன் கணக்குக்குக் கொடுக்கும் முகவரி அதே டொமேனில் இருக்கக்கூடாது. குத்தகை காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே செத்துவிடும்; காலாவதி எச்சரிக்கை வந்துசேர இடமே இருக்காது. கடையில் வேலை பார்க்கும் பிள்ளையின் முகவரியும் வேண்டாம், அவர் வேலையை விட்டுப் போனால் எச்சரிக்கையும் அவரோடு போய்விடும். டாட் காம் பெயருக்குக் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வரும், காலாவதியான பிறகு ஐந்து நாளுக்குள் இன்னொன்று வரும். பிறகு விற்பனையாளர் தரும் சலுகைக் காலம். சிலர் ஒரு மாதத்துக்கு மேல் தருவார்கள், சிலர் மிகக் குறைவாகத் தருவார்கள். அது முடிந்தால் 30 நாள் மீட்புக் காலம், இதில் வழக்கமான கட்டணத்தைப் போல் பல மடங்கு கட்ட வேண்டும். அதற்கப்புறம் 5 நாள் காத்திருப்பு, பின்பு எவரும் எடுத்துக்கொள்ளலாம். பழகிய பெயர்களை எடுத்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முறையே 2 அல்லது 3 ஆண்டுக்குக் கட்டி, தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிடச் சொல்லுங்கள். பணம் கட்டும் வங்கி அட்டையின் காலாவதித் தேதி மாறும்போது கணக்கிலும் மாற்ற வேண்டும். பதிந்தவுடன் வரும் மின்னஞ்சல் உறுதிப்படுத்தலையும் தவறவிடக்கூடாது. 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் பெயர் முடக்கப்படலாம்.

இனி பெயருக்கு வருவோம். எங்களுக்குப் பெரிய கவலை இதில்தான்.

நம் கடைப் பெயர்களுக்கு ரோமன் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. லெட்சுமி என்ற ஒரு பெயரைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் எல்-ஈ-டீ-சி-எச்-யூ-எம்-ஐ, பலகையில் எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ, பக்கத்துக் கடையில் எல்-ஏ-எக்ஸ்-எம்-ஐ. தொலைபேசியில் 'லெட்சுமி மசாலா டாட் காம்' என்று சொன்னால் கேட்டவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத் தட்டுவார், அது வேறு கடைக்குக் கொண்டுபோகும். 'ழ' வந்தால் இன்னும் சிக்கல். இசட்-எச் என்று எழுதினால் மலாய்க்காரரும் சீனரும் அதை ழகரமாக வாசிக்கப் போவதில்லை. 'த'வுக்கு டீ மட்டுமா, டீ-எச்சா என்ற குழப்பம் நம்மவரிடமே உண்டு. B-யும் P-யும், M-உம் N-உம் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும்.

மலாய்ச் சொல்லாகவும் படித்துப் பாருங்கள். 'மதி பூக்கடை' என்பதில் எச் விடுபட்டால் எம்-ஏ-டீ-ஐ. மலாயில் அது சாவு. 'துளி' என்று தண்ணீர்ப் போத்தல் வியாபாரத்துக்குப் பெயர் வைத்து டீ-யூ-எல்-ஐ என்று எழுதினால் செவிடு என்று பொருள்படும். நம் வாடிக்கையாளரில் பாதிப்பேர் மலாய்க்காரர் என்றால் இது சிறிய விஷயம் அல்ல.

சோதனை எளிது. தமிழ் தெரியாத ஐந்து பேரிடம் பெயரை ஒருமுறை மட்டும் வாயால் சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். கைப்பேசியில் தட்டச் சொல்லுங்கள். நான்கு பேராவது சரியாகத் தட்டினால் அந்தப் பெயரை எடுக்கலாம். பிறகு அதே பெயரை எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தாளில் எழுதி, லாரிப் பக்கவாட்டில் ஓடுவதாக நினைத்து ஐந்தடி தள்ளி வைத்துப் படியுங்கள். சிறிய எழுத்தில் r-உம் n-உம் ஒட்டி நின்றால் m போலத் தெரியும். எல்லும் எண் 1-உம் ஒன்றுபோல் நிற்கும். இடைக்கோடும் எண்ணும் இல்லாத பெயரே நல்லது. இடைக்கோட்டை வாயால் சொன்னால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். ஒரு பெயர்ப்பகுதி 63 எழுத்துவரை இருக்கலாம். ஆனால் 15-ஐத் தாண்டினாலே தட்டும் விரல் தடுமாறும்.

ஊர்ப் பெயரைச் சேர்க்கும் ஆசை பலருக்கும் வரும். நம்மூரே அதற்குப் பதில் சொல்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய பெயரில் டொமேன் எடுத்திருந்தால் இன்று அஞ்சல் முகவரியோடு ஒட்டாது, புதிய பெயரில் எடுத்தால் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் தேடுவார்கள். கோலசிலாங்கூரில் இரண்டாவது கடை திறந்தாலும் ஊர்ப் பெயர் குறுக்கே நிற்கும். ஊரை அகப்பக்கத்தின் முகவரிப் பகுதியிலும் கூகள் வரைபடத்திலும் போடுங்கள், டொமேனில் வேண்டாம். பொருளின் பெயரும் இப்படித்தான்: பூமாலை என்று தொடங்கியவர் நாளை மணமேடை அலங்காரமும் செய்வார்.

பெயரின் கடைசியில் வரும் டாட் காம் போன்ற முடிவெழுத்தில் எதை எடுப்பது? எஸ்எஸ்எம்மில் பதிந்த வணிகமாக இருந்தால் டாட் காம் டாட் எம்ஒய் எடுங்கள். வணிகப் பதிவு இருந்தால்தான் கிடைக்கும் என்பதே வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தருகிறது. மலேசிய முடிவெழுத்துகளை நிர்வகிக்கும் மைனிக் அமைப்பு அங்கீகரித்த விற்பனையாளர் வழியே இந்தப் பெயரை வாங்கலாம். டாட் காமும் கிடைத்தால் அதையும் எடுத்து முதன்மைப் பெயருக்குத் திருப்பிவிடலாம். அதிகம் தவறும் எழுத்துக்கூட்டல் ஒன்றையும் இப்படியே எடுக்கலாம், ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதலாண்டு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) என்று விளம்பரம் வரும் புதுவகை முடிவெழுத்துகளை வாங்கும் முன் இரண்டாமாண்டுக் கட்டணத்தைக் கேளுங்கள்.

எஸ்எஸ்எம்மில் பெயர் பதிவானால் அந்த முத்திரை உங்களுடையது என்று ஆகாது. மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் இணையத்தளத்தில் வணிகக்குறியைத் தேடுங்கள், முகநூல், டிக்டாக் பெயர்களையும் பாருங்கள். மற்றவர் வணிகக்குறியோடு உங்கள் பெயர் மோதினால் மலேசிய டொமேன் தகராறு கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையத்துக்குப் போகும். பெயரை இழக்கவும் நேரிடும்.

தமிழ் எழுத்திலேயே டொமேன் வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் அது பிடித்த வேலை. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தமிழ் முடிவெழுத்து உண்டு. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் உண்டு, தமிழில் இல்லை. ஆனாலும் டாட் காமுக்கு முன்னால் தமிழ்ப் பெயரைப் பதியலாம். உள்ளே அது எக்ஸ்-என் என்று தொடங்கி இரு கோடுகளோடு நீளும் ரோமன் எழுத்துக் கோவையாகத்தான் சேமிக்கப்படுகிறது. சில செயலிகளில் ஒட்டினால் அந்தக் கோவையே தெரியும், தமிழ் எழுத்திலான மின்னஞ்சல் முகவரியைச் சில இடங்கள் ஏற்காது. பையிலும் அழைப்பிதழிலும் அச்சிட இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அகப்பக்கம் வேறு இடத்துக்கு மாறும் நாள். டொமேன் எந்தக் கணினியைக் காட்ட வேண்டும் என்ற பதிவுகளை வைத்திருக்கும் பெயர் சேவையகத்தை மாற்றும்போது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவைப் பிரதி எடுக்க மறந்தால் பக்கம் அழகாகத் திறக்கும், ஆர்டர் கடிதங்கள் மட்டும் வராது. கடைக்காரருக்குத் தெரியவே பல நாள் ஆகும். மாற்றத்துக்கு முதல்நாள் எல்லாப் பதிவுகளையும் படம் எடுத்து வைத்து, பழைய பதிவை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை (டிடிஎல்) 300 வினாடியாகக் குறைக்கும் கடமையை நிறுவனத்தின்மேல் எழுதுங்கள். பிரியும்போது டொமேனை வேறு விற்பனையாளரிடம் மாற்றத் தேவையான மாற்றுக் குறியீட்டை ஏழு நாளுக்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் சேருங்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு முன் ஒப்பந்த வரைவை எங்களிடம் காட்டினால் இவற்றைச் சொல்லுக்குச் சொல் சேர்த்துத் தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் அகப்பக்கப் பணி செய்வோர்